பத்து மூக்குத்தியும் ஒரு கிராமும்

கோயமுத்தூரில் ஒரு நகைக்கடை. பெயர் வேண்டாம். தப்பு கடையுடையது அல்ல, என்னுடையது.

ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு அந்தக் கடையின் கணக்கரிடமிருந்து போன். அறுபதைத் தாண்டியவர். கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே தலை நரைத்தவர். “ஏனுங்க தம்பி, உங்க மிசினு ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் இருக்குதுங்குது. எவ்வளவுன்னு பாத்தா பூஜ்யம்ங்குது. அதுலயும் பூஜ்யம் கொறையுதாமுங்க.”

வாட்ஸாப்பில் படம் அனுப்பினார். அவர் சொன்னது அப்படியே இருந்தது. இருப்பு 1.000 கிராம். எண்ணியது 1.000 கிராம். வித்தியாசம் −0.000. கீழே சிவப்பில்: டேலி ஆகவில்லை.

தட்டில் இருந்தது பத்து மூக்குத்தி, ஒவ்வொன்றும் 100 மில்லி. நகைக்கடையில் மில்லி என்றால் மில்லிகிராம். பையன்கள் மூன்று தரம் எண்ணிப் பார்த்துவிட்டார்களாம். டேலி ஆகாமல் லாக்கர் பூட்டக்கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். அந்தச் சட்டத்தையும் நான்தான் சாஃப்ட்வேரில் எழுதிக் கொடுத்திருந்தேன். “இன்னிக்கு மட்டும் விட்டுடுங்கய்யா, காலையில நேர்ல வர்றேன்” என்றேன். “விடறதுக்கு நானு யாருங்க, உங்க மிசினைக் கேளுங்க” என்றார். வீட்டிலிருந்தே உள்ளே புகுந்து பூட்டைத் திறந்துவிட்டேன்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன ஆபீஸ். கடைக்குக் கடை சேதாரக் கணக்கு மாறும், செய்கூலி மாறும். ஒவ்வொரு தடவையும் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, கடைக்காரர்களே சூத்திரம் எழுதிக்கொள்ள ஒரு குட்டி மொழி செய்து கொடுத்தோம். ‘விலை = எடை * ரேட்’ என்று தமிழிலேயே எழுதலாம். எழுதிய வரியைப் படித்து அங்கேயே செய்து காட்டும் பகுதிக்கு இன்டர்பிரட்டர் என்று பெயர். நம்மூரில் இந்த உத்தியோகத்துக்குப் பழைய பெயர் துபாஷி. புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அந்த வேலை. துரை சொல்லச் சொல்ல மாற்றிச் சொல்ல வேண்டும். என் துபாஷி ஒரு கிராமை ஒரு கிராம் இல்லை என்று மாற்றிச் சொல்லிவிட்டது.

ஏன் என்று பார்க்க, கையில் ஒரு தராசு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் கிராமில் பத்தில் ஒரு பங்கு. இன்னொரு தட்டில் வைக்க உங்களிடம் உள்ள கற்கள் இவைதான்: அரை, அதில் பாதியான கால், அதில் பாதியான அரைக்கால், அதிலும் பாதியான வீசம், அரை வீசம், இப்படிப் பாதி பாதியாக எவ்வளவு வேண்டுமானாலும் சின்னதாக. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கல்தான். கம்ப்யூட்டரிடம் இந்தக் கற்கள் மட்டும்தான் உண்டு, ஏனென்றால் அதற்கு இரண்டால் வகுக்கத்தான் தெரியும்.

அரை பெரிது, கால் பெரிது, அரைக்காலும் (0.125) பெரிது. வீசம் (0.0625) வைக்கலாம். அரை வீசமும் வைக்கலாம், இப்போது 0.09375. அடுத்த இரண்டு கல்லில் எதை வைத்தாலும் தட்டு தாழும். அதற்கடுத்த இரண்டையும் வைக்கலாம்: 0.099609375. மறுபடி இரண்டை விட வேண்டும், இரண்டை வைக்க வேண்டும். இரண்டு விடு, இரண்டு வை. இது முடியவே முடியாது. பத்தை வகுக்க ஐந்து வேண்டும். பாதி பாதியாக உடைத்துக்கொண்டே போனால் ஐந்து எங்கிருந்து வரும்?

முடியாததை எங்காவது நிறுத்தத்தானே வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு தசம எண்ணுக்குப் பொதுவாக 64 பிட் இடம். பிட் என்றால் 0 அல்லது 1 எழுதும் ஒரு கட்டம். முதல் கட்டம் கூட்டலா கழித்தலா என்பதற்கு. அடுத்த 11 கட்டம், எந்த அளவுக் கல்லிலிருந்து தொடங்குகிறோம் என்பதற்கு. மீதி 52 கட்டமும் வைத்த கல், விட்ட கல் பட்டியல். இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. தொடங்கும் கல் எப்படியும் தட்டில் இருக்கும் என்பதால் அதைப் பட்டியலில் எழுதுவதில்லை. ஆக 52 கட்டம் செலவழித்து 53 கல் கணக்கு வைக்கலாம். மிச்சம் பிடிக்கத் தெரிந்த மனிதர் யாரோ யோசித்தது.

கடைசிக் கல்லில் கிட்டத்துக்கு முழுமையாக்கி நிறுத்தினால், 0.1 என்று நாம் அடித்தது உள்ளே 0.1-ஐவிட ஒரு துளி கூடுதலாக உட்கார்ந்திருக்கும். எவ்வளவு கூடுதல்? 1-க்குப் பிறகு பதினாறு பூஜ்யம் தள்ளி ஒரு 5. அப்படியானால் பத்தைக் கூட்டினால் 1-க்கு மேலேதானே வர வேண்டும்? வராது. ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் விடையை 53 கல்லுக்குள் அடக்க வேண்டும், அடக்கும்போது சில இடத்தில் கூடும், சில இடத்தில் குறையும். பத்து மூக்குத்தியை ஒவ்வொன்றாகக் கூட்டி முடித்தால் கையில் நிற்பது 0.9999999999999999. அதிலிருந்து 1-ஐக் கழித்தால் கழித்தல் குறியோடு ஒரு தூசு. மூன்று தசமத்துக்கு அச்சடித்தால் தூசு மறைந்துவிடும், குறி மட்டும் நிற்கும். அதுதான் கணக்கர் பார்த்த ‘குறையும் பூஜ்யம்’. நிலை என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது, இரண்டும் சமமா என்ற ஒரே கேள்வி. சமம் இல்லை என்று மிஷின் சொன்னது உண்மைதான்.

இந்த 64 கட்டத்துப் பங்கீடு தானாக வந்ததல்ல. 1970களில் ஒவ்வொரு கம்பெனிக் கம்ப்யூட்டரும் தசமத்தைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொண்டிருந்தது. ஒரு மிஷினில் சரியாக ஓடிய புரோகிராம் இன்னொன்றில் வேறு விடை சொல்லும். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கஹான் இதை ஒழுங்குக்குக் கொண்டுவர மல்லுக்கு நின்றார். இன்டெல் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்து அவர் வகுத்துக் கொடுத்த முறை 1980இல் 8087 என்ற சிப்பில் வந்தது. 1985இல் அதை ஒட்டிய முறை ஐ.இ.இ.இ. 754 என்ற பொது விதியாயிற்று. 1989இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. உங்கள் போனிலும் என் மேஜையிலும் 0.1 ஒரே மாதிரி தவறாக இருக்கிறது என்றால் அது அவர் புண்ணியம். கிண்டல் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தவறாக இருந்தால்தான் தவறைக் கண்டுபிடிக்கவே முடியும்.

அச்சடிப்பதும் துபாஷியின் வேலைதான். அதில் மொழிக்கு மொழி சுபாவம் மாறும். பைத்தானின் பழைய பதிப்புகளில் 0.1 என்று அடித்தால் 0.10000000000000001 என்று திருப்பிச் சொல்லும். பார்ப்பவர் முகம் சுளிப்பார். 2009இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து முறையை மாற்றினார்கள். திரும்பப் படித்தால் அதே 64 கட்டம் கிடைக்க வேண்டும், அதற்குப் போதுமான மிகக் குறைந்த இலக்கம் எதுவோ அதை மட்டும் காட்டு என்றார்கள். இப்போது 0.1 என்றால் 0.1. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த அசிங்கமான வால் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த காலத்தில் புதிதாகக் கற்பவர்கள் முதல் நாளே “இது என்ன?” என்று கேட்டார்கள். இப்போது என்னைப்போல ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கேட்கிறார்கள்.

படிப்பதிலும் ஆபத்து உண்டு. 2011 ஜனவரியில் பி.எச்.பி. மொழியில் ஒரு குறிப்பிட்ட எண் பிடிபட்டது. 2.2250738585072011-ஐப் பத்தால் 308 முறை வகுத்தால் வரும் மிக மிகச் சின்ன எண். 32 பிட் கம்ப்யூட்டரில் அந்த எண்ணைப் படிக்கச் சொன்னால் இன்டர்பிரட்டர் இன்னும் கொஞ்சம் சரிசெய்கிறேன், இன்னும் கொஞ்சம் என்று சுற்றிக்கொண்டே இருக்கும், எழுந்திருக்காது. கணக்குப் போடும் சிப் உள்ளே 64க்குப் பதில் 80 கட்டத்தில் வைத்துக்கொண்டதுதான் காரணம். அந்த ஒரு எண்ணை வெப்சைட்டில் ஒரு கட்டத்தில் அடித்தாலே போதும், சர்வர் மூச்சுத் திணறும். அடுத்த மாதம் ஜாவாவிலும் அதற்குப் பக்கத்து வீட்டு எண் ஒன்று இதே வேலையைச் செய்தது.

இனி, வெளியே யாருக்கும் தெரியாத அந்தரங்கம். துபாஷியின் மெமரியில் ஒரு எண் எப்படி இருக்கிறது?

நகைக்கடையில் ஒவ்வொரு உருப்படிக்கும் நூலில் ஒரு டேக் கட்டியிருப்பார்கள். என்ன நகை, என்ன எடை, என்ன டச் (தூய்மை) என்று அதில் இருக்கும். இன்டர்பிரட்டரும் தன்னிடம் உள்ள ஒவ்வொன்றுக்கும் டேக் கட்டித்தான் ஆக வேண்டும். ‘எடை’ என்ற பெயரில் இப்போது இருப்பது எண்ணா, எழுத்தா, ஆம்-இல்லை விடையா என்று தெரியாமல் எதையும் கூட்டவோ பெருக்கவோ முடியாது. மூக்குத்தியைக் கவனித்திருக்கிறீர்களா? 100 மில்லி மூக்குத்திக்கு அதைவிடப் பெரிய டேக் தொங்கும். இங்கேயும் அதே கூத்து. எண்ணுக்கு 8 பைட், அதாவது அந்த 64 கட்டம், போதும். டேக்குக்கு ஒரு பைட் போதும். ஆனால் எட்டு எட்டாக அடுக்கினால்தான் சிப்புக்கு வசதி என்பதால் ஒரு பைட் டேக்கும் 8 பைட்டை அடைத்துக்கொள்ளும். என் முதல் இன்டர்பிரட்டரில் ஒரு எண் 16 பைட். பைத்தானில் வழக்கமான 64 பிட் கம்ப்யூட்டரில் அது 24 பைட்: எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்குக்கு 8, என்ன வகை என்ற விலாசத்துக்கு 8, எண்ணுக்கு 8. மூன்றில் இரண்டு பங்கு டேக்தான்.

இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருக்கிறது என்று எனக்குப் புத்தியில் உறைத்தது, ஒரு ஈயால்.

நகைகளில் பி.ஐ.எஸ். ஹால்மார்க்கோடு எச்.யு.ஐ.டி. என்று ஆறு எழுத்துக் குறியீடு பொறிப்பார்கள், எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் தங்க நகை விற்க அது வேண்டும். எங்கள் ஆபீஸில் டெஸ்டிங் பார்க்கும் தங்கை, மனசுக்குத் தோன்றிய குறியீடுகளை அடித்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். ஒரு வளையலுக்கு 25, நடுவில் ஆங்கில ‘ஈ’, பிறகு 613 என்று அடித்தாள். இன்னொரு வளையலுக்கு 78, மறுபடி அந்த ‘ஈ’, பிறகு 400. “அண்ணா, ரெண்டும் ஒரே வளையல்னு சொல்லுது” என்றாள்.

பெரிய எண்களைச் சுருக்கி எழுத அந்த ஈயைத்தான் பயன்படுத்துவார்கள். 25-க்குப் பக்கத்தில் 613 பூஜ்யம் என்று பொருள். என் மொழி குறியீட்டை எண் என்று நினைத்துப் படித்துவிட்டது. 64 கட்டத்தில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் சுமார் 1.8-ஐப் பத்தால் 308 முறை பெருக்கியது. அதைத் தாண்டினால் எல்லாம் ‘முடிவிலி’. இரண்டு வளையலும் முடிவிலி, ஆகவே சமம். எண்ணின் நடுவில் உட்கார்ந்த ஈயை அன்று சாயங்காலமே ஓட்டிவிட்டோம். ஆனால் முடிவிலியை எந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள் என்று பார்க்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

நடுவே 11 கட்டம் சொன்னேன் அல்லவா? அந்தப் பதினொன்றும் 1 ஆக இருந்தால் அது சாதாரண எண் அல்ல. மீதி 52உம் பூஜ்யமானால் முடிவிலி. 52இல் எங்காவது ஒரு 1 இருந்தால் ‘எண் அல்ல’ என்று பொருள். முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் வருவது இது. ஆங்கிலத்தில் மூன்றெழுத்தாகச் சுருக்கி ‘நான்’ என்பார்கள். இந்த ‘நான்’ எதற்கும் சமமாகாது, தனக்கே சமமாகாது என்பது விதி. வேதாந்திகள் யாராவது கமிட்டியில் இருந்தார்களோ என்னவோ.

விஷயம் அதில் இல்லை. எண்ணிப் பாருங்கள்: ‘எண் அல்ல’ என்ற ஒரே சேதிக்கு ஒதுக்கியிருக்கும் கட்ட வரிசைகள் 9007199254740990. ஒரு விருந்தாளிக்காக இத்தனை அறை உள்ள சத்திரம் கட்டியிருக்கிறார்கள். சிப் பயன்படுத்துவது அதில் ஓரிரண்டு அறை. மற்றதெல்லாம் பூட்டிக் கிடக்கிறது.

இன்டர்பிரட்டர் எழுதுகிறவர்கள் அந்தச் சாவியைக் கேட்டார்கள். எழுத்துகள், பட்டியல்கள் போன்ற பெரிய சாமான் மெமரியில் வேறு எங்கோ இருக்கும். அதன் விலாசம் மட்டும்தான் கையில் வேண்டும். இன்றைய கம்ப்யூட்டரில் அந்த விலாசம் பொதுவாக 48 கட்டத்துக்குள் அடங்கும். 52 கட்டத்துச் சத்திர அறைக்குள் 48 கட்ட விலாசத்தை வைத்துப் பூட்டினால் டேக்குக்கும் இடம் மிச்சம். ஆக எல்லாமே 8 பைட். எண்ணாக இருந்தால் எண்ணாகவே இருக்கும், தனி டேக் கிடையாது. ‘எண் அல்ல’ என்று எழுதியிருந்தால் அது நிஜமாகவே எண் அல்ல, உள்ளே விலாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சஃபாரி பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினும், ஃபயர்ஃபாக்ஸின் இன்ஜினும், லுவாஜிட் என்ற இன்ஜினும் இப்படித்தான் செய்கின்றன. குரோம் வேறு வழி. அங்கே சின்ன முழு எண்கள் கடைசிக் கட்டத்தில் ஒரு அடையாளத்தோடு கையிலேயே இருக்கும், மற்ற தசம எண்கள் பெரும்பாலும் தனிப் பெட்டியில். ரூபி மொழி 2.0 பதிப்பிலிருந்து அதிகம் புழங்கும் தசமங்களைப் பெட்டியில்லாமலே வைத்துக்கொள்கிறது. எனக்குப் பிடித்தது சத்திரம்தான். ஜாவாஸ்கிரிப்டுக்கு அது பொருந்துவதில் ஆச்சரியமும் இல்லை. 1995இல் பிறந்தபோது அந்த மொழியில் எண் என்றால் இந்த 64 கட்டம் ஒன்றுதான். முழு எண்ணுக்கென்று தனி வகையே கிடையாது.

என் குட்டி மொழியையும் சத்திரத்துக்குக் குடியேற்றினேன். மாதக் கடைசி அறிக்கை வேகமாக ஓடியது. மறுவாரமே சத்திரத்தின் வாடகையும் கொடுத்தேன். எல்லாம் 64 கட்டமாகிவிட்டதே, இரண்டும் சமமா என்று பார்க்கக் கட்டங்களை நேராக ஒப்பிட்டால் போதாதா என்று குறுக்கு வழி எடுத்திருந்தேன். திரும்பி வந்த சரக்கை −1 ஆல் பெருக்குவோம். அன்று எதுவும் திரும்பி வரவில்லை. பூஜ்யத்தை −1 ஆல் பெருக்கினால் விதிப்படி கழித்தல் பூஜ்யம். மதிப்பில் அதுவும் பூஜ்யமும் சமம்தான், ஆனால் முதல் கட்டம் வேறு. டேலி ஆகவில்லை. “மறுக்காவும் பூஜ்யத்துக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க தம்பி” என்று போன். இரண்டும் எண்ணானால் எண்களாகவே ஒப்பிட வேண்டும் என்று அதற்குப் பிறகு திருத்தினேன்.

மூக்குத்திக்கு வைத்தியம் சுலபம். கிராமை விட்டுவிட்டு எடையை மில்லியாகவே வைத்தேன், ரூபாயைப் பைசாவாக. நூறு மில்லி பத்து தடவை என்றால் ஆயிரம் மில்லி. முழு எண்ணில் பாதி பாதி உடைக்கும் வேலையே இல்லை. 64 கட்டத் தசமத்திலும் 9007199254740992 வரை எல்லா முழு எண்ணும் பிசகாமல் நிற்கும். அத்தனை மில்லி என்றால் 90 லட்சம் டன். உலகத்தில் இதுவரை தோண்டி எடுத்த தங்கமே அவ்வளவு இல்லை, ஆக அந்தக் கடைக்குப் போதும். கடைசியில் விலையைப் பைசாவுக்கு முழுமையாக்கும் இடத்தில் மட்டும் எந்தப் பக்கம் தள்ளுவது என்று முதலாளியிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். ‘சமமா’ என்று கேட்ட பழைய வரி இப்போதும் அப்படியே இருக்கிறது.

திருத்தியதைப் போடக் கடைக்குப் போன அன்று, கூட்டம் குறைந்த மத்தியானம், கணக்கருக்கு இந்தத் தராசுக் கதையைச் சொன்னேன். பாதி பாதி என்றதும் நிமிர்ந்தார்.

“அப்படின்னா உங்க மிசினுக்கு அரை, கால், அரைக்கால், வீசமெல்லாம் சுத்தமாத் தெரியுமுங்களா?”

“தெரியுங்கய்யா. அதுல ஒரு தூசு கூட பிசகாது.”

“மா?”

எனக்குச் சட்டென்று வரவில்லை. அவரே சொன்னார். அவர் தாத்தா ஊர்க் கணக்கு எழுதியவராம். மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. மூன்றிலும் ஐந்து ஒளிந்திருக்கிறது, ஆகவே மூன்றும் என் துபாஷிக்குச் சரியாகத் தெரியாது. இருபது தசமத்துக்கு அச்சடிக்கச் சொல்லிக் காட்டினேன். மா: 0.05000000000000000278. காணி: 0.01250000000000000069. வாலைப் பார்த்துச் சிரித்தார்.

“ரெண்டையும் கூட்டுங்க.”

கூட்டினேன். 0.06250000000000000000.

“மாவும் காணியும் மாகாணி. அதுதானுங்க வீசம்” என்றார். “ரெண்டுமே தப்புன்னீங்க, கூட்டுனா சரியா வருதுங்களே?”

கூட்டி முடித்து 53 கல்லுக்குள் அடக்கும்போது இரண்டு வாலும் உதிர்ந்துவிட்டன என்று கால்குலேட்டரின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் எழுதிக் காட்டினேன். பாதி கேட்டார். அதற்குள் கொலுசு வாங்க ஒரு குடும்பம் ஏழெட்டுப் பேராக உள்ளே வந்தது.

“முந்திரியை அப்பறம் பாத்துக்கலாமுங்க தம்பி” என்று எழுந்து போனார்.